இது என்ன உத்யோகம், சார்

அவர் எதையும் பின்னாலிருந்து படிப்பவர். தொழில் அப்படி. ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர் ஈய எழுத்துகளை வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் பார்த்தது போல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நாமெல்லாம் தாசில்தார் என்று படிப்பதை அவர் வருஷக்கணக்காக 'ர்தால்சிதா' என்று படித்தார். ஒரு பதவியைத் தினமும் அதன் முதுகுப் பக்கமிருந்து பார்க்கிறவருக்கு அதன் மேல் பயம் வருவது கஷ்டம்தான் போலிருக்கிறது.

திருவண்ணாமலையில் தேரடித் தெருவில் அவர் கடை. பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவில், மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அகலம். உள்ளே எழுத்துப் பெட்டிகள், மாவில் அச்சு எடுக்கும் தட்டுகள், ரப்பரைச் சூட்டில் அழுத்தும் இரும்புப் பிரஸ். வெந்த ரப்பர் நாற்றம் கடைக்கு நான்கு கடை முன்பே வந்துவிடும். ஊரில் இருந்த எல்லா ஆபீஸ் முத்திரைகளும் அங்கே பிறந்தவை. ஊர் அவரை சீல் பாய் என்றது. நானும் பாய் என்றுதான் கூப்பிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பெயரை இன்னொரு தரம் எழுத என் கைக்கு உரிமை இல்லை.

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். தமிழ் எம்.ஏ. அவர் ஐந்தாவது வரை படித்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். முதல் முறை நான் கடைக்குப் போனது என் பதவிக்கு முத்திரை செய்யத்தான். சீட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொழிபெயர்ப்பாளர். பெயர்க்கிறவரா சார்? தரையில கல்லு பெயர்க்கிற மாதிரியா?"

"அப்படியும் சொல்லலாம்."

"பாத்துப் பெயருங்க. சொல்லு உடைஞ்சிடப் போவுது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான். பிரித்துப் பார்க்காமல் கோர்க்க மாட்டார்.

அந்தக் கடையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர் ரப்பர் வேலை. கைப்பிடிகளைக் கடைந்து கொடுப்பவர் ஏழுமலை, பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்து ஆள். யார் யாரிடம் வேலை பார்க்கிறார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் நிற்கிற தோரணையிலேயே கேட்பார்கள்.

"முதலாளி யாருப்பா?"

"வெளிய போயிருக்காரு," என்பார் ஏழுமலை, உளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்ப வருவாரு?"

"எங்க அப்பா காலத்துலேர்ந்து பாத்துட்டு இருக்கோம்," என்பார் பாய். "இன்னும் வரல."

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஆபீஸ்களிலிருந்து பியூன்கள் ஓடி வருவார்கள். "பாய், ஐயா சாயங்காலத்துக்குள்ள வேணும்னு சொன்னாரு."

"சொன்னாரா, கேட்டாரா?"

"இன்னா பாய், ரெண்டும் ஒண்ணுதானே."

"சொன்னாருன்னா வரிசையில நாலாவது. கேட்டாருன்னா இப்பவே பண்றேன்."

பியூன் தலையில் அடித்துக்கொள்வான். "கேட்டாரு. கெஞ்சிக் கேட்டாருன்னே வெச்சிக்க பாய்."

உடனே செய்து கொடுத்துவிடுவார். ஒரு பியூன் ஒரு நாள் என்னிடம் சொன்னான்: "சார், அந்தக் கடைக்குப் போயிட்டு வந்தா எங்க ஐயாவே எங்கிட்ட மரியாதையா பேசின மாதிரி இருக்குது." அன்று எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவர் யாருக்கும் பணிய மாட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். யார் வந்தாலும் எழுந்து நிற்பார். சார்பதிவாளர் வந்தாலும் எழுவார், கோயில் வாசலில் பூக்கட்டும் கிழவி பழைய துணி கேட்டு வந்தாலும் எழுவார். சார்பதிவாளருக்கு அது பிடிக்காது. தனக்கு எழுந்தவர் அடுத்த நிமிஷமே கிழவிக்கும் எழுந்தால், தனக்கு எழுந்தது கணக்கில் வராமல் போகிறதல்லவா.

எல்லாவற்றுக்கும் காரணமான அந்தச் சொல் கடைக்குள் வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மாவின் மூலம். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு அருகே அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நூல் புடவை கட்டியிருப்பார், நாளுக்கு ஐந்தாறு கடிதம் எழுதுவார். கவர்களின் பின்புறம் குத்த ஒரு முத்திரை வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேல் வரியில் அவர் பெயர். கீழ் வரியில் ஒன்பது ஆங்கில எழுத்து.

பாய் அன்று மாலையே சீட்டோடு என்னைத் தேடி வந்துவிட்டார்.

"சார், இத்தனை வருஷத்துல இந்தப் பதவிக்கு நான் சீல் பண்ணதில்ல. இது என்ன உத்யோகம், சார்?"

படித்தேன். அனார்க்கிஸ்ட் என்று இருந்தது.

"உத்யோகம் இல்ல பாய். அது ஒரு கொள்கை."

"பேருக்குக் கீழ போட்டிருக்காங்களே."

அவர் சொன்னது நியாயம். அவர் உலகத்தில் பெயருக்குக் கீழே வருவது பதவி. தலைமை ஆசிரியர், கிராம முன்சீப், ஆய்வாளர். அதிகாரத்துக்காக ஒதுக்கப்பட்ட அந்த இரண்டாவது வரியில் இந்த அம்மா வேறு எதையோ வைத்திருந்தார்.

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. குண்டு போடுகிறவர்கள் என்று ஒரு மங்கலான எண்ணம் இருந்தது. நூலகத்துக்குப் போய்த் தடித்த புத்தகங்களை இறக்கிப் பார்த்தேன். மறுநாள் கடையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன். கிரேக்க மொழியில் 'அன்' என்றால் இல்லை. 'ஆர்க்கோஸ்' என்றால் தலைவன், ஆள்கிறவன். இரண்டும் சேர்ந்தால் ஆள்கிறவன் இல்லாதது. அதுதான் வேர்.

அவர் கையில் இருந்த எழுத்துகளைக் கீழே வைத்தார். "தமிழ்ல இன்னா சொல்றது?"

"அராஜகம்னு எழுதறாங்க."

"அராஜகம்னா அக்கிரமம் இல்ல? அராஜகம் பண்றான்னு திட்டறமே."

"வழக்குல அப்படி ஆயிடுச்சு. வடமொழியில அ-ராஜகம். ராஜா இல்லாதது. அவ்வளவுதான்."

சீட்டை எடுத்து மறுபடி பார்த்தார்.

"சார், நியாயம் இல்லாதது அநியாயம். அது கெட்டது. சுத்தம் இல்லாதது அசுத்தம். அதுவும் கெட்டது. ராஜா இல்லாதது கெட்டதுனு யாரு முடிவு பண்ணது?"

நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலை சொன்னார்: "ராஜாதான்."

நான் எம்.ஏ.வில் சொல்லிலக்கணம் முதல் வகுப்பில் தேறியவன். அநியாயம், அசுத்தம், அராஜகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

அவர் செய்கிற ஒவ்வொரு முத்திரையையும் முதலில் ஒரு நோட்டில் குத்திப் பார்ப்பார். அந்த அம்மாவின் முத்திரையையும் குத்தினார். "சார், நீங்க சொன்னதைப் பக்கத்துல எழுதி வையுங்க. மறந்துடுவேன்." நான் பென்சிலால் எழுதினேன். அன், ஆர்க்கோஸ். அ, ராஜகம். ஆள்பவன் இல்லாத நிலை. மூன்று வரி, என்னுடைய சாய்ந்த கையெழுத்தில்.

அந்த அம்மா முத்திரையை வாங்க வந்தபோது நானும் இருந்தேன். பாய் என்னிடம், "அவங்க ஊர்ல ராஜா இல்லையானு கேளுங்க," என்றார். கேட்டேன். தங்கள் நாட்டில் ராணி இருக்கிறாள், அதனால்தான் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார் அவர். நான் பெயர்த்துச் சொன்னதும் பாய் அந்த அம்மாவுக்காக இன்னொரு தரம் எழுந்து நின்றார்.

நான் படித்ததில் இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். அந்தப் பெயர் ரொம்ப காலம் வெறும் வசவாகத்தான் இருந்தது. ஒழுங்கில்லாதவர்கள், கலகக்காரர்கள் என்று எதிரிகளை இகழ்வதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர்தான் அந்த வசவை எடுத்து, ஆமாம், நான் அதுதான் என்று தனக்கே பெயராகச் சூட்டிக்கொண்டார். அவர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துப் பிழைத்தவர்.

"எழுத்துக் கோக்கறவரா?"

"ஆமா பாய்."

"அதான பாத்தேன். அவரும் பின்னாலேர்ந்து படிச்சிருக்காரு."

ஒரு வாரம் கழித்துப் போனபோது நோட்டைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மாவின் முத்திரைக்குக் கீழே புதிதாக ஒன்று. மேல் வரியில் அவர் பெயர். கீழ் வரியில், தமிழில், அராஜகவாதி.

"ஊர்ல எல்லாருக்கும் ரெண்டாவது வரி பண்ணிக் குடுத்தேன். எனக்குனு ஒண்ணு இல்லையேனு பாத்தேன்," என்றார். அந்த முத்திரையை எதிலும் குத்தவில்லை. நோட்டில் ஒரு தரம், அவ்வளவுதான்.

நான் அவரைச் சீண்டுவதுண்டு. "அஞ்சு வேளை தொழறீங்களே பாய். அங்க மட்டும் ராஜா இருக்கலாமா?"

"அவன் ஒருத்தன் போதும்னுதானே சார், கீழ வேற யாரும் வேணாங்கறேன்."

தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் பெரிய தேர். கடை வாசலிலிருந்தே தெரியும். அன்று கடையைப் பாதி சாத்திவிட்டு வாசலில் நீர்மோர்ப் பானை வைத்து, வடம் இழுத்து வருகிறவர்களுக்கு அவரும் ஏழுமலையும் மொண்டு மொண்டு கொடுப்பார்கள். ஒரு வருஷம் நானும் நின்றேன். ஆயிரம் கைகள் ஒரு வடத்தில். மலையே அசைந்து வருவது போலத் தேர் வந்தது.

அவரை மடக்க நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்தேன். "பாய், அங்க பாருங்க. சக்கரத்துக்குக் கட்டை போடறவர் கை காட்டினாத்தான் தேர் திரும்புது. அவர் இல்லைனா மூலைக் கடை போயிடும். தலைவன் இல்லாம எப்படி?"

அவர் மோர்ச் சொம்பை ஒருவரிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "அவரு தலைவர் இல்ல சார். வேலை தெரிஞ்சவரு. நான்கூட அவர் பேச்சைக் கேப்பேன். ஆனா தேர் நிலைக்கு வந்ததும் அவர் இன்னா பண்ணுவாருனு பாருங்க."

பார்த்தேன். தேர் நிலை சேர்ந்தது. அதுவரை ஆயிரம் பேரை ஒரு விரலால் நிறுத்தியும் நடத்தியும் வந்த அந்த மனிதர் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் பானை முன்னால் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பத்துப் பேர். யாரும் விலகவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"ராஜான்னா இறங்கி வர மாட்டான் சார். அவ்வளவுதான் வித்தியாசம்," என்றார் பாய்.

அரசியல் தத்துவம் என்று பிறகு எவ்வளவோ படித்தேன். அந்த வாக்கியத்தைத் தாண்டி நான் போனதாகத் தோன்றவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நெருக்கடி நிலை வந்தது. மாநிலத்தில் இருந்த ஆட்சியும் கலைக்கப்பட்டது. ஆபீஸ்களில் குரல்கள் தாழ்ந்தன. அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு சான்றிதழில் போலி முத்திரை பிடிபட்டது. சுற்று வட்டாரத்தில் முத்திரை செய்கிறவர்களை எல்லாம் சோதித்தார்கள். பாயின் கடைக்கும் ஓர் அதிகாரி வந்தார். போலி முத்திரை அங்கே செய்ததல்ல என்பது அரை மணி நேரத்தில் தெளிவாகிவிட்டது. ஆனால் நோட்டைப் புரட்டும்போது அந்த இரண்டு முத்திரைகள் கண்ணில் பட்டன.

மறுநாள் மத்தியானம் அந்த அதிகாரியின் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். வராந்தா பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழுமலை, துணியில் கட்டிய சாப்பாட்டுத் தூக்கோடு. என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்திருந்தார். நோட்டு மேஜைமேல் திறந்திருந்தது.

"நீங்கதானே தமிழ் எம்.ஏ.? இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

நான் குனிந்து பார்த்தேன். முதன்முதலாகப் பார்க்கிறவனைப் போலப் பார்த்தேன்.

"எனக்கு அந்த ஆள் மேல கோபம் ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "போலி சீல் அவன் பண்ணல. இந்த ஒரு வார்த்தைதான் இடிக்குது. இது ஏதோ தத்துவம், சாமியாருங்க பேசற மாதிரி, அப்படினு நீங்க எழுதிக் குடுத்தா நாலு திட்டு திட்டி வீட்டுக்கு அனுப்பிடுவேன். கலவரம் பண்றவன்னு எழுதினா உள்ள வைக்கணும். மேல கேட்டா எங்கிட்ட ஒரு காகிதம் இருக்கணும். எதுவோ ஒரு வரி. கையெழுத்து, சீல்."

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதனின் விடுதலையை யாரும் என் கையில் கொடுத்ததில்லை. உண்மையை எழுதினாலே போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது அவர் பென்சில் வரிகளின் மேல் விரலை வைத்தார்.

"இது யாரு எழுதினதுனு தெரியல. அவனைக் கேட்டா ஞாபகம் இல்லங்கறான். கடைக்கு வர்றவங்க நூறு பேரு, யாரோ கிறுக்கிட்டுப் போனாங்கங்கறான். படிச்சவன் கையெழுத்து. அவனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தவன் எவனோ அவன்தான் எனக்கு வேணும்."

பாயின் பெயர் எழுதியிருந்த காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

பென்சில் வரியில் இருந்ததும் உண்மை, நான் இப்போது எழுத வேண்டியதும் அதே உண்மை. இரண்டும் ஒத்துப்போனால் இரண்டையும் எழுதியது ஒரே ஆள் என்று தெரிந்துவிடும் என்று என் மூளை கணக்குப் போட்டது. பாய் என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதும் அதே நொடியில் புரிந்தது. அந்தக் காப்பாற்றலை அவருக்கு எதிராகவே பயன்படுத்தினேன். 'அராஜகவாதி: சட்டம் ஒழுங்கைக் குலைத்துக் கலவரமும் அழிவும் உண்டாக்குபவன்' என்று எழுதினேன். சாய்ந்த என் கையெழுத்தை நிமிர்த்தி, எழுத்து எழுத்தாக, பள்ளிப் பையன் போல எழுதினேன். கையெழுத்தையும் அப்படியே போட்டு, பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினேன்.

அதிகாரி படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்ப வேற வழி இல்ல," என்றார்.

வெளியே வந்தபோது பாய் மறுபடியும் எழுந்தார். "சாப்டீங்களா சார்?"

"ஆச்சு பாய்," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

பதினொரு மாதம் உள்ளே இருந்தார். கடையை ஏழுமலை நடத்தினார். பாயின் மனைவி வீட்டிலிருந்தபடியே ரப்பரை வெட்டிச் செதுக்கிக் கொடுத்தார். யாராவது முதலாளி எங்கே என்று கேட்டால் ஏழுமலை அந்த நாட்களில் பழைய பதிலைச் சொல்லவில்லை. "வருவாரு," என்று மட்டும் சொன்னார்.

ஆறாவது மாதம் பாயின் அம்மா இறந்துபோனார். பாயைச் சிறையிலிருந்து அனுப்பவில்லை. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து மூன்று பிடி மண் போட்டார்கள். மகன் போட வேண்டிய இடத்தில் வரிசை ஒரு கணம் தயங்கி நின்றது. பின்னால் நின்ற யாரோ என்னை மெல்ல முன்னால் நகர்த்தினார்கள். போட்டேன். நான் அங்கே எந்த யோக்கியதையில் நிற்கிறேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

விடுதலையாகி வந்தவர் மூன்றாம் நாள் கடையைத் திறந்தார். இளைத்திருந்தார். முன்வரிசையில் ஒரு பல் இல்லை. எழுத்துகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. தெருவில் பார்த்தால் "சார்" என்று நிற்பார். நான் அவசரமாக இருப்பதுபோல நடப்பேன். ஐந்தாறு வருஷம் தேரடித் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். முத்திரை வேண்டுமென்றால் பியூனை அனுப்பினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. புது முத்திரைக்கு அன்று பியூனை அனுப்பவில்லை. ஏன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழுமலை மல்லாட்டைக் கடலை பிடுங்க ஊருக்குப் போயிருந்தார். பாய் மட்டும் இருந்தார். எழுந்து நின்றார். சீட்டை வாங்கிப் படித்தார்.

"கண்காணிப்பாளர். கண்ணும் காணும் ஒரே சொல்லுல. ரெண்டு தரம் பாக்கறவரு போல. நீளமா இருக்குது சார், ரெண்டு வரியில போடட்டுமா?"

"போடுங்க. பாய், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த வரியை எழுதினது நான்."

"தெரியும் சார்."

எழுத்துப் பெட்டியில் அவர் கை தேடிக்கொண்டே இருந்தது.

"அப்பவே காட்டினாங்க. கையெழுத்து உங்களுது மாதிரி இல்ல. சீலு நான் பண்ணது. உங்க சீல்ல 'ப்' மேல புள்ளி பாதிதான் விழும். தேஞ்ச அச்சு அது. மாத்திக் குடுக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

"ஒரு தரமாவது ஏன் கேக்கல?"

"இன்னானு கேக்கறது? பயந்தீங்க. நானும்தான் பயந்தேன்."

"நீங்க என்னைக் காட்டிக் குடுக்கலையே."

"அவங்க கேக்கலையே சார். சொல்லுனு சொன்னாங்க."

அவர் சிரித்தார். இல்லாத பல்லின் இடம் தெரிந்தது. ஏழுமலையின் முக்காலியில் உட்கார்ந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய்."

அவர் எழுத்துகளைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் கண்ணும் அவர் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"அது முடியாது சார்."

"கோபம் போகலையா?"

"கோபம் எப்பவோ போயிடுச்சு. மன்னிக்கணும்னா நான் மேல உக்காரணும், நீங்க கீழ நிக்கணும். தூக்குல போடறதும் மன்னிக்கறதும் ஒரே ஆள் பண்ற வேலை. ராஜா பண்றது. அந்தச் சொல்லைப் பாருங்க, மன்னிப்பு. மன்னன் உள்ளயே உக்காந்திருக்கான். எனக்கு அந்த நாற்காலி வேணாம் சார். நீங்க போடறீங்களேனு நான் ஏற முடியாது."

அந்த இரண்டு சொல்லுக்கும் வேர் வேறு என்று வாதிட இடம் உண்டு. நான் தமிழ் படித்தவன். வாயைத் திறக்கவில்லை. நான் யாரிடம் அகப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. பதினொரு மாதத்தையும் தாயின் முகத்தையும் என்னால் இழந்த பிறகும், என்னைவிட ஒரு அங்குலம் உயர மறுக்கிற மனிதர்.

"அப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

"தப்பு எழுத்து போட்டு ஒரு சீலு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? சரியா வேற பண்ணிக் குடுப்பேன். நீங்களும் அந்த வரியைத் திருத்தி எழுதிக் குடுங்க. எங்கிட்ட இல்ல. குடுத்த இடத்துலயே."

எழுதுகிறேன் என்றேன். அவர் எழுந்து போய் மறுபடி கோர்க்கத் தொடங்கினார்.

எழுதவில்லை. அந்த வருஷம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷம் இன்னொரு உயர்வு வருவதாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று பிறகு நினைத்தேன். அவர் செய்து கொடுத்த கண்காணிப்பாளர் முத்திரையை ஆயிரக்கணக்கான தாள்களில் வைத்தேன். எழுதிவிட்டீர்களா என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்று அவர் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு வெகுகாலம் இருந்தேன். உண்மை வேறு. மேலே ஒருவர் நின்று உத்தரவு போடாவிட்டால் சரியானதைக்கூடச் செய்யத் தெரியாத ஆளாகவே நான் உத்யோகம் பார்த்து முடித்திருக்கிறேன். அந்த அதிகாரி இப்போது இல்லை. அந்தக் கோப்பும் இருக்காது. எந்த மேஜையில் கொடுப்பது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன். இப்போது எழுதுவதில் வீரம் எதுவும் இல்லை என்பதும் தெரியும்.

அராஜகவாதி: ஆள்பவன் இல்லாமல், ஒருவர் மேல் ஒருவர் ஏறாமல், மனிதர்கள் சேர்ந்து வாழ முடியும் என்று நம்புபவர். மேற்படி நபர் அப்படி நம்பியதோடு அப்படியே வாழ்ந்தும் காட்டினார். அவரைப் பற்றி முன்பு நான் எழுதிக் கொடுத்த வரி பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். நோட்டில் இருந்த பென்சில் கையெழுத்து என்னுடையது.